குடிக்க ஏலாத தண்ணீரின் படிப்பு

திருச்சுழி,
12-5-1948

அன்பு மைத்துனர் தாவீதுராஜ் அவர்களுக்கு, வேதநாயகம் வந்தனம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் உங்கள் தங்கை ரோஸியும் உடம்பில் சுகமாக இருக்கிறோம். சென்னையில் நீங்களும் பிள்ளைகளும் அவ்விதமே இருக்க ஜெபிக்கிறோம். மனசு சுகமில்லாததைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மூன்று வருஷத்துக்கு முன்பு மகள் ரூத்தை உங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது, டாக்டருக்குப் படிப்பாள் என்று நம்பித்தான் விட்டேன். அந்த இடம் கிடைக்கவில்லை, விலங்கியல் கிடைத்திருக்கிறது, அதுவும் நல்ல படிப்பே என்று எழுதினீர்கள். விலங்கு என்றால் ஆடுமாடு என்று எடுத்துக்கொண்டு, மகள் மாட்டு டாக்டராக வரப்போகிறாள் என்று என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் சொல்லிவைத்தேன். அது என் பிழை. ஆனாலும் மச்சான், கடல் என்ற ஒரு வார்த்தையை நீங்கள் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லையே.

அவள் லீவுக்கு வந்த மறுநாளே நரிக்குடியிலிருந்து பால்ச்சாமி என்பவன் ஒரு வெள்ளாட்டைத் தோளில் போட்டு நடந்தே வந்துவிட்டான். மூன்று நாளாக அது இரையெடுக்கவில்லையாம். "அண்ணே, நான் படிக்கிறது கடல்ல இருக்கிற உசுருகளப் பத்தி. ஆட்டு வைத்தியம் எனக்குத் தெரியாது" என்று ரூத் சொன்னாள். அவன் ஆட்டைத் தோளிலிருந்து இறக்காமலே, "கடல்ல ஆடு கெடையாதா தாயி?" என்று கேட்டான். கிடையாது என்றதும் அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இருபத்திரண்டு வருஷ வாத்தியார் உத்தியோகத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அதையும் பொறுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, காரியாபட்டி ஏசுவடியான் தன் மகனுக்காகக் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தார். பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். மாட்டு டாக்டர் என்று இனிமேல் சொல்ல முடியாது, கடல் என்று சொல்லவும் வாய் வரவில்லை, தண்ணி சம்பந்தப்பட்ட படிப்பு என்றேன். மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடியா சார், எங்க பிஞ்சையில ரெண்டு கெணறு வெட்டிப் பாறைதான் கண்டோம். பாப்பா வந்து எடம் பாத்துச் சொன்னா, மத்ததெல்லாம் பெறகு பேசிக்கிருவோம்" என்றார். ரூத் அடுப்படியில் இருந்தபடியே, "மாமா, எனக்குத் தெரிஞ்ச தண்ணிய யாரும் குடிக்க ஏலாது" என்று சொல்லிவிட்டாள். அதோடு விட்டதா? ஏசுவடியானின் சம்சாரம், ரூத் கொண்டுவந்து மாடத்தில் வைத்திருந்த கண்ணாடிச் சாடியைப் பார்த்து, "கத்தரிக்கா ஊறப் போட்ருக்கீகளா?" என்று மூடியில் கை வைத்தார்கள். அது கடல் அட்டையாம், மருந்துத் தண்ணீரில் போட்டுவைத்தது. "அது கத்தரிக்கா இல்ல அத்தை. உசுரோட இருக்கயில பயந்துச்சுன்னா, தன் கொடலையே வெளிய கக்கிரும். அப்பறம் புதுக் கொடலு வளத்துக்கிரும்" என்று ரூத் ஆசையோடு விளக்கினாள். காப்பி குடியாமல் எழுந்து போனார்கள். இதுவரை சேதி இல்லை.

இப்போது தலைக்கு மேல் போய்விட்டது. கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. பாம்பனை ஒட்டி ஏதோ தீவாம், ஜூன் மாதம் முழுக்க அங்கே தங்கி, கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, கல்லைப் புரட்டிப் பூச்சி பிடிக்க வேண்டுமாம், தகப்பன் கையெழுத்து இருபதாம் தேதிக்குள் வேண்டுமாம். கடல் எப்படி வற்றும் என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு ரெண்டு தடவ வத்தும்ப்பா, ரெண்டு தடவ பெருகும்" என்கிறாள். நம்ம கண்மாய் மூணு வருஷத்துக்கு ஒருக்கா பெருகினாலே கரை காக்க ஊரே ராப்பகலா நிக்குது. தெனம் ரெண்டு தடவ பெருகுற தண்ணிக்கு அங்க எவன் மச்சான் கரை காப்பான்? அவள் சண்டை போட்டாலாவது நான் பதிலுக்குப் பேசலாம். அதுவும் இல்லை. தன் அம்மாவிடம் மட்டும், "அப்பா வேணாம்னா போகலம்மா. ஆனா வேற எதையும் படிக்க மாட்டேன்" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டவுடன் நீங்கள் கல்லூரிக்குப் போய், பேராசிரியரைப் பார்த்து, ரூத்தின் பெயரை அடித்துவிடச் சொல்ல வேண்டியது. ஒற்றைப் பிள்ளை. இதில் தாமதம் கூடாது. உங்கள் இல்லத்தாருக்கு எங்கள் அன்பும், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
ஆ. வேதநாயகம்

பின்குறிப்பு: மண்டபம், 16-5-1948. இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது ரூத் வாசலில் நின்று, "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போடுங்கப்பா. மண்டபத்துலயும் தபாலாபீசு இருக்கு" என்றாள். மதுரைக்குப் பஸ்ஸேறி, அங்கிருந்து ரயிலில் வந்தோம். ஐம்பது வயதில் இன்றைக்குத்தான் கடலைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. முழங்கால் தண்ணீரில் அவள் குனிந்து குனிந்து வெகுதூரம் போனாள், திரும்பு திரும்பு என்று கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர், "ஒங்க மகளா? காலையில எங்க வலையில கெடந்ததப் பூராம் பேரு சொல்லிக் காட்டுனாக. நாங்க பேரே வைக்காததுக்கெல்லாம் அவுகளுக்குப் பேரு தெரியிது" என்றார். ஆமாம், என் மகள்தான் என்றேன். அதை இரண்டு தடவை சொன்னேன் போலிருக்கிறது, அவர் சிரித்தார்.

கல்லூரி அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் கல்லூரிக்குப் போக வேண்டாம். பெண்பிள்ளைகளோடு துணைக்கு ஒரு பெரியவர் தீவில் தங்க வேண்டும் என்று அந்தத் தாளின் கீழே சிறிய எழுத்தில் கண்டிருந்தது. அந்த இடத்தில் என் பெயரையே எழுதிவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியுமா என்றும் கேட்டிருந்தார்கள். தெரியும் என்று எழுதியிருக்கிறேன். ரோஸியிடம் சொல்ல வேண்டாம்.