பசு ஒன்று, நிறம் செவலை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னது. எந்த அரசுத் துறை என்று அவர் சொல்லவில்லை. எந்தத் துறையாக இருந்தாலும் பொருந்தும் என்பதால் நானும் கேட்கவில்லை.

மாரண்டஹள்ளி சாலம்மாள் தன் வீட்டை ஓர் அரசு அலுவலகத்துக்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டாள். தன் பசுவை ஓட்டிக்கொண்டு அண்ணன் வீட்டில் போய்த் தங்கினாள். அண்ணி தினமும் மாட்டைப் பார்த்து, "சிலதுங்களுக்கு வந்த வூட்ட விட்டுப் போவவே மனசு வராது" என்பாள். மாட்டுக்கு அது புரியவில்லை. சாலம்மாளுக்குப் புரிந்தது.

பதினான்காவது மாதம் கண்காணிப்பாளர் மதியழகன் தயங்கித் தயங்கி வந்தார். சொந்தக் கட்டடம் தயாராகிவிட்டது, ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ள வேண்டும் என்றார். சாலம்மாள் நாளைக்கே காலி செய்யச் சொன்னாள்.

மதியழகனுக்கு வியர்த்துவிட்டது. உரிமையாளர் மறுத்தால் என்ன செய்வது என்று மூன்று சுற்றறிக்கைகள் இருந்தன. சம்மதித்தால் என்ன செய்வது என்று ஒன்றுகூட இல்லை. எனவே ஒப்பந்தத்தின் அட்டவணையைப் புரட்டினார். வீட்டை எடுக்கும்போது இருந்ததெல்லாம் விடும்போதும் இருக்க வேண்டும். கதவு ஏழு. தண்ணீர்த் தொட்டி ஒன்று. முருங்கை மரம் ஒன்று. பசு ஒன்று, நிறம் செவலை.

எதையும் விடாமல் எழுது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். வீட்டை எடுத்த அன்றைக்குக் கொட்டகையில் மாடு நின்றிருந்தது. எழுத்தர் எழுதிவிட்டார்.

"மாடு எங்கம்மா?"

"எங்கிட்டதான் இருக்குதுங்க சார். அது எங்க மாடுங்க."

"மாடு உங்களுதுதான். பொறுப்பு எங்களுது. மாடு உங்ககிட்டவே இருந்தா, நாங்க எப்படிம்மா அத உங்ககிட்ட ஒப்படைக்கறது?"

சாலம்மாளுக்கு அண்ணியின் முகம் நினைவுக்கு வர, அன்றே மாட்டை ஓட்டி வந்து அரசாங்கத்திடம் கட்டினாள். தருமபுரியிலிருந்து ஆய்வு அதிகாரி வருகிற வரைக்கும் தீவனத்தை அவளே சுமந்தாள். அவர் ஒன்பதாவது நாள் வந்தார். அன்று காலையில்தான் பசு ஒரு கிடாரிக் கன்றைப் போட்டிருந்தது.

அதிகாரி எண்ணினார். அட்டவணையில் ஒன்று. கொட்டகையில் இரண்டு. குறைந்திருந்தால் யாருடைய சம்பளத்திலாவது பிடித்துவிடலாம், கூடியிருந்தால் தணிக்கைக்கு யார் பதில் சொல்வது என்று கவலைப்பட்டார். அரசின் பொறுப்பில் உள்ள பசு, அரசின் அனுபவத்தில் உள்ள கொட்டகையில், ஒப்பந்த காலத்தில் ஈன்றதால் கன்று அரசுச் சொத்து என்று குறிப்பெழுதினார். அரசுச் சொத்து இருக்கும் இடத்தைக் காலி செய்ய முடியாது. பால் குடிக்கும் அரசுச் சொத்தைத் தாயிடமிருந்து பிரிக்கவும் விதி இல்லை. அலுவலகம் புதுக் கட்டடத்துக்குப் போனது. ஒப்பந்தம் பழைய வீட்டிலேயே இருந்தது.

சாலம்மாள் மருமகன் தமிழ்மணியை அழைத்துக்கொண்டு புதுக் கட்டடத்துக்குப் போனாள். தமிழ்மணி பட்டதாரி, அரசுத் தேர்வை ஐந்து முறை எழுதியவர். மேசைக்கு முன்னால் நின்று அரைமணி நேரம் சட்டம் பேசினார். மதியழகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கன்றைப் பராமரிக்கத் தற்காலிகமாக ஒரு பணியிடம் அனுமதியாகி வந்திருப்பதாகச் சொன்னார்.

தமிழ்மணி உட்கார்ந்தார்.

"நிரந்தரம் ஆவுங்களா சார்?"

"கன்னு இருக்கற வரைக்கும் இருக்கும்."

வெளியே வந்ததும் சாலம்மாள் வீடு எப்போது கிடைக்கும் என்று கேட்டாள்.

"வூடு எங்கயும் ஓடிடாதுங்க அத்தை" என்றார் அரசு ஊழியர் தமிழ்மணி.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சாலம்மாள் யோசித்துக்கொண்டே நடந்தாள். சாயங்காலம் அண்ணி வழக்கம்போல ஆரம்பித்தபோது, "இனிமே எங்க மாப்பிள்ளைக்குக் கவர்மெண்டு வேலைங்க அண்ணி. எனக்கு அந்த வூடு எதுக்கு?" என்றாள். அண்ணி காபி போட எழுந்தாள்.

பஸ்ஸில் கேட்டதை நம்பி எழுதக்கூடாது என்று போன மாதம் நானே மாரண்டஹள்ளி போனேன். மூன்று வருடக் கெடு முடிந்துவிட்டது. பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது. கன்று இப்போது கன்று இல்லை, சினையாக இருக்கிறது. பிறக்கப் போவதைப் பராமரிக்கவும் ஒருவர் தேவைப்படுவார் என்று ஊரில் பேச்சு. மனுக்கள் வந்து குவிகின்றன. எத்தனை என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. என்னிடம் கொடுத்த ஒப்புகைச் சீட்டில் வரிசை எண் நாற்பத்திரண்டு.