ஏழாம் எண் சென்சாருக்கு வந்த காய்ச்சல்

ரகசிய எண்ணை மாற்றாமலேயே, ‘மாற்றியாகிவிட்டது’ என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டவன் நான்.

ஒரகடத்தில் கார் கண்ணாடி ஒட்டும் பசை செய்யும் ஆலை. என் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. பசை வைக்கும் குளிர் அறையில் கம்பியில்லா சென்சார்கள் பன்னிரண்டு மாட்டியிருந்தேன். உள்ளே எவ்வளவு குளிர் என்பதை அவை என் கணினிக்குச் சொல்லும். சொல்வது நம் சென்சார்தானா என்று கணினி அறிய ஒரு ரகசிய எண் உண்டு. பெட்டியிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் ஒரே எண். அதை மாற்ற, ஒவ்வொன்றுக்கும் ஏணி ஏற வேண்டும். (குளிர் அறைக்குள், பன்னிரண்டு முறை. தூத்துக்குடிக்காரனுக்கு அது இமயமலை.)

ஒருநாள் காலை, ஏழாம் எண் சென்சார் நூற்று நாற்பத்திரண்டு டிகிரி காட்டியது. அறையில் நாலு டிகிரிதான் இருக்க வேண்டும்; பத்தைத் தாண்டினாலே பசை குப்பைக்குத்தான். ஓடினேன்.

“கதவத் தொறங்கக்கா! டிரம்ம எல்லாம் வெளிய தூக்கணும்!”

அறைப் பொறுப்பாளர் வடக்குப்பட்டு பரமேஸ்வரி அக்கா, ஸ்வெட்டரும் குல்லாயுமாக நின்றார். “இன்னாத்துக்கு?”

“உள்ள நூத்தி நாப்பத்திரண்டு டிகிரி! ஸ்க்ரீன்ல காட்டுதுக்கா!”

“இப்பத்தான் உள்ளேர்ந்து வரேன். மூக்கு ஒறஞ்சி கீது. ஸ்க்ரீனுக்குத்தான் ஒடம்பு சரியில்ல.”

வெளியே மே மாத வெயில். சூட்டிலிருந்து காப்பாற்றுவதற்காகப் பசையை அந்த வெயிலில் அடுக்க நான் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கதவில் சாய்ந்துகொண்டார்.

“அவ்ளோ சூடு இங்க எங்க கீது? எங்க வூட்டுக்காரர் அடுப்புலதான் கீது” என்றவர் போனை எடுத்தார். கணவருக்கு மதிலுக்கு அப்பால், பக்கத்து ஆலையில் வேலை.

“யோவ், பெயிண்ட் காயவைக்கிற அடுப்பு இப்ப இன்னா சூடு?”

ஸ்பீக்கரில் பதில் வந்தது: “நூத்தி நாப்பத்திரண்டு. ஏன், சோறு வடிக்கப் போறியா?”

அவர்களும் அதே கடையில் அதே சென்சார் வாங்கியிருந்தார்கள். அவர்களும் எண்ணை மாற்றவில்லை. அவர்களுடைய ஏழாம் எண்ணை என் கணினி சொந்தப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஒரு டிரம்கூட நகரவில்லை. எனக்கு அழுகை வரும் அளவுக்கு நிம்மதி. மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன்.

“நம்ம நாலு டிகிரி அவங்க அடுப்புக்குப் போயிருந்தா?” என்று மட்டும் கேட்டார். (அடுப்பு இன்னும் எரி, இன்னும் எரி என்று எரிந்திருக்கும்.) பிறகு அவரே சொன்னார்: “மாத்திட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.”

பன்னிரண்டு முறை ஏறினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டது அக்கா. குல்லாயையும் அவரே கொடுத்தார். அடுத்த வாரம் வேலை நிரந்தரமானது.

என் கல்யாணத்துக்கு வந்த அக்கா, மணமேடையிலேயே எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். இன்றும் குன்றத்தூர் வீட்டில் எனக்குக் காய்ச்சல் வந்தால், தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு அவள் மருந்தை எடுக்க மாட்டாள்.

“இருங்க, இது உங்க சூடுதானான்னு பக்கத்து வீட்ல கேட்டுட்டு வரேன்.”