தகுதியான நோய்

நோய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, டாக்டர் பீஸுக்குப் பயப்படுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் உண்டு. இந்த மூன்றிலும் சேராத நாலாவது இனம் ஒன்று இருக்கிறது. அரசாங்கம் மருத்துவக் காப்பீட்டு அட்டை கொடுக்க ஆரம்பித்த பிறகு பெருகிய இனம். இவர்களுக்கு எந்த நோயைக் கண்டும் பயமில்லை. வந்திருக்கும் நோய் அட்டைக்குத் தகுதியானதுதானா என்பது மட்டும்தான் கவலை.

முதலமடை மாங்காய் வியாபாரி மொய்து ராவுத்தரைப் பாருங்கள். வயது எழுபத்தொன்று. குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை என்று சொல்லி அட்டையைக் கொடுத்தார்கள். அன்றைக்கே அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, அந்த உறைக்கு மேல் இன்னொரு உறை போட்டு, நிலப் பத்திரத்துக்கும் மகன் கல்யாண ஆல்பத்துக்கும் நடுவில் வைத்து, பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்பு பெல்ட்டில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நோய்களை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மூட்டு வலி வந்தது. தைலத்தோடு வெளியே அனுப்பினார். ஹெர்னியா வந்தது. ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கெல்லாமா கார்டை எடுக்கறது?" பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கம்பம்மெட்டில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் பழைய கூட்டாளி ஏசுரத்தினத்துக்கு இதயத்தில் மூன்று அடைப்பு என்று போன் வந்தபோது ராவுத்தர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "மூணு அடைப்பாம். கார்டு முழுசா வேலை செஞ்சுதாம்." பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்துவிட்ட செய்தியைச் சொல்வது போலச் சொன்னார். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

துபாயிலிருக்கும் மகன் அஷ்ரஃப் சும்மா இருப்பானா? அத்தாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்துத் தனியார் கம்பெனியில் டாப்-அப் பாலிசி ஒன்று எடுத்தான். செலவு ஐந்து லட்சத்தைத் தாண்டிய பிறகுதான் அது வாயைத் திறக்கும். போச்சு! தகுதி மதிப்பெண் இன்னும் உயர்ந்துவிட்டது. இனி வரும் நோய் ஐந்து லட்சத்தைத் தாண்டியாக வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை கட்டும் பிரீமியம் வீணல்லவா? "வந்தாப் பெருசா வரோணும் புள்ள" என்றார் மனைவி ரம்லாவிடம். இதற்கு ஆமீன் சொல்வதா, காதைப் பொத்திக்கொள்வதா என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை.

ரம்லாவுக்கு அப்போதே வலது கண் மங்க ஆரம்பித்திருந்தது. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. வீடியோ காலில் பேரன் என்று நினைத்து மருமகளைக் கொஞ்சினார். இலவசக் கண் முகாமில் வந்த டாக்டர் பார்த்துவிட்டு, கண்புரை, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

"ஏனுங்க, அரை மணி நேர வேலைதானுங்களாமா. கார்டுலயே செஞ்சுக்கலாம்னாருங்க."

"அதையேதான் நானும் சொல்றேன். அரை மணி நேர நோய்க்கு யாராச்சும் கார்டைத் தொடுவாங்களா? நாளைக்கு நெஞ்சு வலி வந்தா என்ன பண்றது?"

"வரட்டுமுங்க. வந்தா அதையும் கண்ணால பாத்துக்கலாமில்லீங்க."

வீடு வீடாகப் போய் உடல்நலம் விசாரிக்கும் அந்த வார்டு ஆஷா ஊழியர் சுஹைனாவும் வந்து சொல்லிப் பார்த்தாள். "மாமா, இது பேங்க்ல போட்ட பணமில்லீங்க. இந்த வருஷத்து மாங்காயப் பறிக்காம விட்டா அடுத்த வருஷத்துக்கு மரத்துல இருக்குமுங்களா? வருஷம் முடிஞ்சா இதுவும் போச்சு. அப்பறம் புதுசா வேற அஞ்சு லட்சம் வரும். சேத்து வெக்கவே முடியாதுங்க." போகும்போது ரம்லாவிடம், "மாமி, உங்க பேர்ல தனிக் கார்டே இருக்குதுங்க. பிரிண்ட் எடுத்துத் தாரேன்" என்றும் சொன்னாள்.

காய் எத்தனை மணிக்குக் கனியும், கனி எத்தனை மணிக்கு அழுகும் என்று லாரி ஏற்றியே ஆயுளைக் கழித்தவர் ராவுத்தர். அவருக்கா புரியாது? இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "மாங்கா வேற, கவர்மெண்ட் வேற" என்றார்.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. பீரோவுக்குள் பதினைந்து லட்சம் சத்தமில்லாமல் அழுகியது.

நாலாவது வருஷம் ஜனவரியில், மாங்காய் வரத்து தொடங்கிய வாரம், ரம்லா கண் வலி தாங்காமல் சுருண்டு படுத்து வாந்தி எடுத்தார். பித்தம் என்றார் ராவுத்தர். மூன்றாம் நாள் சுஹைனா ஆட்டோ பிடித்து வந்து நின்றாள். ராவுத்தருக்கே அப்போது பயம் வந்துவிட்டது. பீரோவைத் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெடுநேரம் பார்த்தார். புரை முற்றிவிட்டது, அதனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போய்விட்டது, வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்றார். இடது கண்ணிலும் புரை தொடங்கியிருந்தது.

ராவுத்தர் ஒவ்வோர் உறையாகக் கழற்றி அட்டையை மேசைமேல் வைத்தார். "அப்படின்னா இது பெரிய நோய்தானுங்களே டாக்டர்? முழுசையும் எடுத்துக்குங்க."

"எடுத்து என்னங்க செய்யறது? அந்த நரம்புக்கு ஆபரேஷன் கிடையாதே."

எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. மனிதர் அழுதார். ரம்லா அவர் பக்கம் திரும்பவில்லை. சுஹைனா பிரிண்ட் எடுத்துக் கொடுத்த காகிதத்தை மடியிலிருந்து எடுத்து நீட்டி, "இடது கண்ணுக்கு இன்னைக்கே எழுதிக்குங்க டாக்டர். என்ற கார்டு என்ற கையில இருக்குது" என்றார்.

நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். படித்தவர், விவரம் தெரிந்தவர், எந்த அட்டை எதற்குச் செல்லும் என்று நாலு பேருக்கு எடுத்துச் சொல்கிறவர். படியேறும்போது மூச்சு வாங்கினால் "வயசாச்சில்ல" என்று நீங்களே உங்களுக்குத் தீர்ப்பும் எழுதிக்கொள்வீர்கள், அது உங்கள் பாடு. ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போய் வருகிறாரே, "அப்புறம் பார்க்கலாம்" என்று போன மாதம்கூடச் சொன்னீர்களே, நீங்கள் எந்த இனம் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.