குடை சாமி இறங்கியாச்சு

ஐயாயிரம் அடி உயரத்தில், காலுக்குக் கீழே மேகம் போய்க்கொண்டிருக்க, எவர்சில்வர் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்ட ஒரே மனிதர் இந்தத் திருவனந்தபுரத்தில் குடை சாமிதான். ஊறுகாய் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. மாவடு. கொட்டையைக் கீழே துப்பக்கூடாது என்பதற்காகத் தனி டப்பா.

கழக்கூட்டத்தில் நான் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனியில் அவர் சீனியர் டெஸ்டர். கரமனை அக்ரஹாரத்துக்காரர். அவர் மாட்டிக்கொண்டு பறக்கும் பாராகிளைடரை ஆபீஸில் எல்லோரும் குடை என்றே சொன்னதால் அவர் குடை சாமி ஆனார். முக்கியமான மீட்டிங்கில் வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருப்பார். இவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளைவாள், அந்த மேகத்தப் பாரும், இட்லி மாதிரி உப்பிண்டு வரது" என்பார். நான் நாஞ்சில் நாட்டுப் பிள்ளை என்பதால் எனக்குப் பெயரே பிள்ளைவாள்தான். ஒருமுறை லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் "நல்ல மேகம்" என்று எழுதிக் கொடுத்தார். மேனேஜரும் கையெழுத்துப் போட்டார் என்பதுதான் அதைவிட ஆச்சரியம்.

பொன்முடியிலிருந்து கிளம்பி, மலையைத் தாண்டி, சமவெளியில் குறித்த இடம்வரை பறக்கும் போட்டிகளில் கலந்துகொள்வார். பறப்பது அவர், கீழே காரில் துரத்துவது நான். எங்கே இறங்குகிறாரோ அங்கே போய் ஆளையும் குடையையும் அள்ளிக்கொண்டு வர வேண்டும். நாய் பிழைப்பு. ஆனால் ஒரு போட்டியைக்கூட நான் தவறவிட்டதில்லை.

மற்றவர்கள் காற்றை அளக்கக் கருவி வைத்திருந்தார்கள். சாமி மடியிலிருந்து விபூதியை எடுத்து விரலிடுக்கில் நழுவ விடுவார். அது பறக்கும் திசையைப் பார்த்துவிட்டு மிச்சத்தை நெற்றியில் பூசிக்கொண்டு ஓடிக் குதிப்பார். மூன்றாம் வருஷம், மூக்குக் கண்ணாடி போட்ட இரண்டு பஞ்சாபிகள் வெட்கத்தோடு வந்து கொஞ்சம் விபூதி கேட்டார்கள்.

ஆகாயத்தில் அவர் ஜிபிஎஸ்ஸை நம்பமாட்டார். பருந்து எங்கே சுற்றுகிறதோ அங்கே காற்று மேலே தூக்கும் என்று அதன் பின்னால் போய்விடுவார். "அவா எல்லாம் லைசென்ஸ் இல்லாமலே பறக்கறவா ஓய், தப்பா போவாளா?" என்பார். அதற்கென்ன, பருந்துக்குப் போட்டியா, பரிசா? அது பாட்டுக்குப் போகும். ஒருமுறை நெடுமங்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இறங்கிவிட்டார். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் செய்த ஏற்பாடு என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டாருடையது என்று. நான் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது பாயசத்தில் இருந்தார்.

இதையெல்லாம் கட்டி மேய்த்தவர் கோமதி மாமி. சாமியின் மனைவி. சாமி தரையைத் தொட்டதும் முதல் போன் மாமிக்குத்தான். "கோமதி, இறங்கியாச்சு." மாமி மூன்று கேள்வி கேட்பார். கை கால் முழுசா இருக்கா? தயிர்சாதம் சாப்பிட்டாச்சா? எங்க இருக்கேள்? அதற்குப் பிறகு எனக்குப் போன் வரும். "பிள்ளைவாள், வாமனபுரம் ஆத்தங்கரைல தென்னந்தோப்புல நிக்கறார். வெயில்ல நிக்க வெக்காம சீக்கிரம் போங்கோ." மாமி ஒருநாளும் மலைக்கு வந்ததில்லை. அண்ணாந்து பார்த்தாலே தலை சுற்றும் என்பார்.

அந்த மாமி நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டார். சாமி எட்டு மாதம் குடையைத் தொடவில்லை. ஆபீஸில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஜனவரிப் போட்டிக்கு நான்தான் நச்சரித்துப் பெயர் கொடுக்க வைத்தேன்.

அன்று காலை பொன்முடி உச்சியில் வழக்கம்போல் விபூதியை விட்டார். திசையைப் பார்த்தார். பூசிக்கொள்ள மறந்து மிச்சத்தைக் கீழே உதறினார்.  பிறகு பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்து என் கையில் கொடுத்தார். மாமியுடையது. பூப்போட்ட உறை.

"இது உம்ம கிட்ட இருக்கட்டும் ஓய்."

"எதுக்கு சாமி?"

"இருக்கட்டுமே. இன்னிக்கு லேட்டானாலும் பதறாதீர். எனக்காக ஆத்துல யாரும் காத்துண்டு இருக்கல."

நான் பதில் சொல்வதற்குள் ஓடிக் குதித்துவிட்டார். மஞ்சள் குடை எழும்பி ஒரு பருந்துக்குப் பக்கத்தில் சுற்றத் தொடங்கியது. எல்லாக் குடைகளும் மேற்கே சமவெளியைப் பார்த்துப் போயின. மஞ்சள் மட்டும் தெற்கே, காட்டுப் பக்கம் போயிற்று.

விதுரையில் ஒரு பள்ளி மைதானத்தில்தான் போட்டிக்காரர்களின் முகாம். இறங்கியவர்கள் எல்லோரும் மாலை ஐந்துக்குள் "பத்திரமாக இறங்கினேன்" என்று அங்கே செய்தி அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் தேடுதல் தொடங்கும். நாலு மணிக்குப் பட்டியலில் எல்லாப் பெயருக்கும் டிக் விழுந்துவிட்டது, இருபத்தேழைத் தவிர. இருபத்தேழாம் நம்பர்தான் சாமி. அவர் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி காட்டுக்குள்ளிருக்கும் போனக்காடு எஸ்டேட்டுக்கு மேலே ஒன்றரை மணிக்கு நின்றுபோயிருந்தது. அவர் நம்பருக்கு முப்பது தடவை அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அவர் காலையில் சொன்னது காதிலேயே நின்றது. இறங்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இருந்ததா? நான்தானே பாவி, நச்சரித்து அனுப்பினேன்!

அப்போது என் சட்டைப் பையில் மாமியின் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"ஹலோ, நம்பர் இருபத்தேழு அல்லே? எவிடெயா சாரே?"

பேசியது, பத்தடி தள்ளிப் பட்டியலும் போனுமாக நின்றுகொண்டிருந்த முகாம் பெண்ணேதான். நாங்கள் இருவரும் போனைக் காதில் வைத்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இந்த நம்பருக்கு ஏன் அடிக்கறீங்க?" என்றேன்.

"ஃபாரத்துல இதாணு சாரே இருக்கு. எல்லாக் கொல்லமும், வருஷா வருஷம், இருபத்தேழோட மெசேஜ் இந்த நம்பர்லேந்துதான் வரும். சரியா வரும், கேட்டோ. 'சேஃப். தேங்க்யூ மோளே'ன்னு. சொந்த மகளக் கூப்பிடற மாதிரி."

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. இத்தனை வருஷமும் முகாமுக்குச் செய்தி அனுப்பியவர் மாமி. அப்படி ஒன்று அனுப்ப வேண்டும் என்பதே அந்த மனுஷருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை மாமியிடம் சொன்னால் உலகத்துக்கே சொன்ன மாதிரி. இந்தத் தடவை ஃபாரத்திலும் பழைய பழக்கத்தில் மாமியின் நம்பரையே எழுதி வைத்திருக்கிறார்.

தெரியாமல்தான் அனுப்பவில்லையா, அனுப்ப அவரே உயிரோடு இல்லையா? ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. வனத்துறைக்குச் சொல்ல அந்தப் பெண் கிளம்பினாள். நான் காரில் ஏறிச் சாவியைத் திருகினேன். மறுபடியும் மாமியின் போன் அடித்தது. இந்தத் தடவை திரையில் "ஆத்துக்காரர்" என்று வந்தது.

எடுத்தேன்.  அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். பிறகு மெதுவாக, "கோமதி, இறங்கியாச்சு" என்றார்.

 நான் யாரென்று சொல்லவில்லை. மாமியின் முதல் கேள்வியைக் கேட்டேன்: "கை கால் முழுசா இருக்கா?"

"இருக்கு."

"தயிர்சாதம் சாப்பிட்டாச்சா?"

 "பாதிதான். நானே பிசைஞ்சேன். உப்புப் போட மறந்துட்டேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை, அழுதுவிட்டேன். மூன்றாவது கேள்வியை எப்படியோ கேட்டு முடித்தேன்.

"போனக்காடு எஸ்டேட்ல இருக்கேன், பழைய ஃபேக்டரி பக்கத்துல. இங்க நம்ம தமிழாள்தான், பால் இல்லாம கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தா. அழாதீர் பிள்ளைவாள். நீர்தான்னு தெரியும். அடிச்சா யாராவது எடுக்கணுமேன்னுதான் உம்ம கிட்ட குடுத்தேன்."

முகாம் பெண்ணுக்கு மாமியின் போனிலிருந்தே அனுப்பினேன்: "சேஃப். தேங்க்யூ மோளே." தூரத்தில் அவள் கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போனக்காட்டுக்குப் போகும் பாதையைப் பாதை என்று சொன்னால் பாதைகள் கோபித்துக்கொள்ளும். கார் போய்ச் சேர்ந்தபோது எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் சாமி குடையை மடித்துத் தலைக்கு முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். சாயா கொடுத்த அம்மா என்னைத்தான் திட்டினாள். "ரெண்டு மணிக்கே எறங்கிட்டாரு சார். அந்தப் பாறை மேல ஏறுனா டவர் கெடைக்கும்னு சொன்னேன். ஏறாம அடியிலயே போனை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, அஞ்சாகப் போறப்பதான் ஏறுனாரு. இப்படியா தனியா அனுப்புவீங்க?"

காரில் வரும்போது கேட்டேன். "ஏன் சாமி, எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கக் கூடாதா? உசிரே போயிடுச்சு."

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "இறங்கினதும் உமக்கு அடிச்சா, அவ இல்லேன்னு ஆயிடுமே ஓய்."

 போட்டிப் பாதையை விட்டு விலகியதற்காக அன்று அவருக்குச் சைபர் மதிப்பெண். வாழ்க்கையில் வாங்கிய முதல் சைபர் என்று மறுநாள் ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

போனை அவர் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. இப்போது வேலை மாறி நான் சென்னைக்கு வந்துவிட்டேன். காரில் துரத்த வேறு ஆள் வந்தாயிற்று. ஆனாலும் சனிக்கிழமை மத்தியானங்களில் அந்தப் பூப்போட்ட உறை அதிரும். மூன்று கேள்வியும் கேட்பேன். உப்பு போட்டாரா என்பது நாலாவது. பிறகு யார் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குச் சொல்வேன்.

இது மழைக்காலம். பொன்முடியில் ஒரு குடையும் பறக்காது, எனக்குத் தெரியும். இருந்தாலும் இன்று சனிக்கிழமை. போனைச் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன்.