மாமாவின் பாடி இரண்டு பெட்டிகளில் வந்த விவரம்

மலைமேல் படம் எடுத்துக்கொண்டிருக்கும் அன்புள்ள மாமாவுக்கு, அக்கா மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீங்கள் அங்கே நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிற ஒரே ஆள் இந்தத் தெருவிலேயே நான்தான். மற்ற எல்லோரும் புதன்கிழமையே உங்களுக்கு மலர்வளையம் வைத்துவிட்டார்கள். பதற வேண்டாம். கேமரா இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

உங்களுக்கு அங்கே சிக்னல் கிடைக்காது என்பதால், மலைக்குச் சாமான் ஏற்றிப் போகும் வேன்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். சிக்னல் இருந்திருந்தாலும் எழுதத்தான் செய்திருப்பேன். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது வராத குரல், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகும் வரவில்லை. அது தெரிந்துதானே கிளம்பும்போது அந்த நிபந்தனையைப் போட்டீர்கள்: "வாடகைக் கம்பெனியிலேர்ந்து ரெண்டு சினிமா கேமரா வரும். ரெண்டுலயும் பத்து பேர் முகத்தை எடுத்து, எது நமக்கு ஒத்து வரும்னு எழுதி அனுப்பு. அவங்ககிட்ட நீயே பேசணும். எடுத்துட்டா அடுத்த படத்துக்கு ரெண்டாவது கேமரா நீதான். இல்லேன்னா காலேஜ்ல படிச்ச யாரையாவது கூட்டிட்டுப் போறேன்." அந்தக் காலேஜில் படித்த யாரோ ஒருவரை எனக்கு முகம்கூடத் தெரியாது, ஆனால் நான்கு நாளாக அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

புதன் காலை இரண்டு கறுப்புப் பெட்டிகள் வந்தன. திறந்தால் இரண்டிலும் பாடி மட்டும்தான், லென்ஸைக் காணோம். லென்ஸ் மாட்டாத வெறும் கேமராவைப் பாடி பாடி என்று சொல்லிப் பழகி, அந்த வார்த்தைக்கு ஊரில் வேறு அர்த்தம் இருப்பதே நமக்கு மறந்துபோயிருக்கிறது. நம் வீட்டுக்குள் போன் எடுக்காது என்பதால் மாடிப்படியில் நின்று கம்பெனிக்குப் பேசினேன். என்ன பேச வேண்டும் என்று முன்னாலேயே தாளில் எழுதி வைத்து அதைப் பார்த்துத்தான் வாசித்தேன், அதனால் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. "மாமாவோட பாடி வந்துடுச்சுங்க. ரெண்டு பெட்டில வந்திருக்கு. ஒரு பெட்டி ரொம்ப கனம். எதை வச்சுக்கறதுன்னு மூணு நாள்ல பார்த்துட்டு, இன்னொண்ணைத் திருப்பி அனுப்பிடறோம்." படிக்குக் கீழே நம் கீழ்வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் ஐயா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பிரஷ் நின்ற சத்தம் மட்டும் கேட்டது.

அரை மணி நேரத்தில் லென்ஸ் வந்துவிட்டது. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் என் வேலையை ஆரம்பித்தேன். பத்து பேரிடம் உடனே போய்ப் பேசத் துணிவில்லாததால், முதலில் பழகிக்கொள்ளலாமென்று பத்து உருளைக்கிழங்குக்குக் கண், மூக்கு வரைந்து சோபாவில் வரிசையாக உட்கார வைத்தேன். ஃபோகஸ் பார்ப்பதற்கு உங்கள் போட்டோவை மேஜைமேல் சாய்த்து வைத்தேன். இருட்டில் எந்தக் கேமரா நன்றாக எடுக்கிறது என்று பார்க்க, திரைச்சீலையை எல்லாம் இழுத்து மூடிவிட்டு, போட்டோவுக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அந்த நேரம் பார்த்தா கண்டக்டர் ஐயா கதவைத் திறக்க வேண்டும்? இருட்டு, போட்டோ, மெழுகுவர்த்தி, தரையில் இரண்டு கறுப்புப் பெட்டி. அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பிறகு உருளைக்கிழங்குகளைப் பார்த்தார். "புள்ளைக்கு மூளை கலங்கிடுச்சே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, "மாமா எங்கம்மா?" என்று கேட்டார். நான் உள்ளதைத்தான் சொன்னேன் மாமா. "மேல போயிட்டாருங்க" என்றேன்.

அவர் முப்பது வருஷம் பஸ்ஸின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கக் கத்தியவர். தெருவுக்கே கேட்டது. சத்தம் கேட்டு மருந்துக்கடை அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடி வந்து, "அடியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். "அக்கா, இது கேமரா பாடிக்கா" என்று அவர் தோளுக்குள்ளிருந்து சொன்னேன். "என்ன சொல்றா?" என்றார் கண்டக்டர் ஐயா. "கேமராவாம்... பாடியாம்..." என்றார் அக்கா. "ஐயையோ, கேமராவோடயே போயிட்டானா! அதான் ரெண்டு பெட்டி!" என்று ஐயா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். உட்கார்ந்தது இரண்டு உருளைக்கிழங்கின் மேல். இன்னும் இரண்டு தடவை மறுத்துப் பார்த்தேன். இரண்டாவது தடவை நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. யாரோ மாடிப்படியில் நின்று உங்கள் நம்பருக்கு அடித்துப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. அதுவே சாட்சி ஆகிவிட்டது. அம்மாவுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். ஆனால் மருந்துக்கடை அக்காதான், "பெரிய மக பிரசவத்துக்காகப் போயிருக்கறவங்ககிட்ட இப்ப மூச்சு விடக்கூடாது" என்று எல்லோர் வாயையும் கட்டிப்போட்டார்.

இனிமேல்தான் மாமா, நான் செய்த தப்பு வருது. மத்தியானத்துக்குள்ள வீடு நிறைஞ்சுபோச்சு. எண்ணிப் பார்த்தேன், பதினாலு பேர். பதினாலு பேர் முகத்துலயும் நிஜமான துக்கம், ஜன்னல்லேர்ந்து அப்படி ஒரு வெளிச்சம். நீங்க எவ்வளவு நடிக்கச் சொல்லியும் வராத முகமெல்லாம் தானா வந்து வரிசையா உட்கார்ந்திருக்கு. கை சும்மா இருக்குமா? ரெண்டு கேமராவையும் ஸ்டாண்டுல மாட்டி ஓட விட்டுட்டேன். "என்னம்மா பண்றே?" என்று ஐயா கேட்டார். "மாமா எடுக்கச் சொன்னாரு" என்றேன். "கடைசி ஆசையா?" என்றார். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் புதுசில்லையே.

இப்போது ஒப்பீடு. சின்ன கேமரா முகத்தைத் தானாகத் தேடிப் பிடிக்கிறது, ஆனால் யார் பேசினாலும் கடைசியில் போய் உங்கள் போட்டோவைத்தான் பிடிக்கிறது. உங்களைத் தவிர எல்லோரும் மங்கல். அதன் திரை முன்பக்கமாகத் திரும்புவது பெரிய வசதி என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறான். அது வசதியே இல்லை மாமா. மருந்துக்கடை அக்கா தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தவர், திரையில் தன்னைப் பார்த்ததும் நிறுத்தி, முன்முடியைச் சரிசெய்து, எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாகத் திரும்பி விட்ட இடத்திலிருந்து அழுதார். பெரிய கேமராவின் திரை திரும்பாது, அதனால் அதில் எல்லோரும் ஒரே அழுகையாக அழுதிருக்கிறார்கள். நீங்கள் சொன்னபடி அதை நிறம் வெளுத்த முறையில் வைத்திருந்தேன், கம்ப்யூட்டரில் போட்டு நாமே நிறம் கொடுத்துக்கொள்வதற்காக. கண்டக்டர் ஐயா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "எல்லாரும் சாம்பல் பூத்தாப்பல இருக்கோமே, நம்மளும் போயிட்டமா?" என்று பயந்துவிட்டார். அவருக்கு நிறம் கொடுத்துக் காட்டி ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. பேட்டரியைப் பெரியது விழுங்குகிறது, சின்னது கொறிக்கிறது. மைக்குக்கு மேல் மாட்டுகிற முடி உறையை மட்டும் வாங்கவே வேண்டாம். நாம் பூனை என்று கூப்பிடுகிறோம் என்பதற்காக அதை நான் பூனை என்று கேட்டுவிட்டேன், மூன்று பேர் கட்டிலுக்கு அடியில் தேடினார்கள்.

அப்புறம் ஸ்டுடியோக்காரர் வந்தார். ஆமாம் மாமா, அவரேதான். கேமராவைக் கையில் பிடிப்பதா ஸ்டாண்டில் வைப்பதா என்ற சண்டையில் ஏழு வருஷமாக உங்கள் நிழலைக்கூட மிதிக்காதவர். வந்தவர் போட்டோ முன்னால் நின்று, "கையிலேயே பிடிச்சுக்கடா, இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று கேவினார். அவர் நின்றது இருட்டில். முகம் தெரியவில்லை. எனக்கு என்ன தைரியம் வந்ததோ, "சார், கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பி அழுங்க" என்று சொல்லிவிட்டேன். வீடே திரும்பி என்னைப் பார்த்தது. அவரும் பார்த்தார். பிறகு திரும்பி அழுதார். "தாடையைக் கொஞ்சம் கீழ இறக்குங்க" என்றேன். இறக்கினார். மாமா, நான் சொல்லி ஒரு பெரிய மனுஷர் தாடையை இறக்கினார்! அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்காமல் அழவில்லை. "பாப்பா, நான் இங்கிருந்து அழவா, அங்கிருந்தா?" என்று கண்டக்டர் ஐயாவே வரிசையில் நின்று கேட்டார்.

சரியாக இருபத்திரண்டாவது நிமிஷம், "ஒரு உண்மையைச் சொல்லியாகணும்" என்று ஸ்டுடியோக்காரர் ஆரம்பிக்கும்போது, சின்ன கேமரா சூடேறி அணைந்துபோச்சு. பெரியது ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதற்குள் இருக்கும் ஃபேன் சத்தமும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. காதால் கேட்டதை எழுதுகிறேன், உட்கார்ந்து படியுங்கள். "அவனும் நானும் ஒண்ணா வேலை பார்த்த காலத்துல, அவனோட ஸ்டாண்டுத் திருகை ஒவ்வொரு தடவையும் தளர்த்தி வச்சது நான்தான். படமெல்லாம் ஆடுச்சு. ஸ்டாண்டே சரியில்லேன்னு அவன் கையில பிடிக்க ஆரம்பிச்சான். அப்புறம் அதையே கொள்கையா மாத்திக்கிட்டான்." நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்களே 'ஆடுகிற கேமராவே உண்மையைச் சொல்லும்' என்று ஒரு நீளமான கட்டுரை, அது ஒரு திருகாணி சம்பந்தப்பட்ட விஷயம் மாமா. வருத்தப்படாதீர்கள். ஆடாமலும் எடுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

என் முடிவு: பெரியதை வைத்துக்கொள்ளலாம், சின்னதைத் திருப்பி அனுப்பலாம். கூடவே நான்கு பேட்டரி, நல்ல ஸ்டாண்டு ஒன்று. திருகை நான் பார்த்துக்கொள்கிறேன். பத்து பேர் கேட்டீர்கள், ஸ்டுடியோக்காரரோடு சேர்த்துப் பதினைந்து பேர் எடுத்திருக்கிறேன், அத்தனை பேரிடமும் என் வாயால் பேசியிருக்கிறேன். ஆகையால் ரெண்டாவது கேமரா எனக்குத்தான், காலேஜில் படித்தவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் நேற்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு பொய்யும் சொல்லாமல் உங்களைக் கொன்றுவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஸ்டுடியோக்காரர் வேறு, "உனக்கு இனி யாரு இருக்கா, நாளைக்கே என்கிட்ட வேலைக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. பதினைந்து பேரிடம் பேசியதில் இருந்த குரலெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அதனால் சனிக்கிழமை முதல் வண்டியிலேயே இறங்கி, தெருமுனையிலிருந்து நன்றாகக் கண்ணில் படும்படி நடந்து வாருங்கள். வெளிச்சமான சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வந்து நீங்களே உங்கள் வாயால் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது.

உங்கள் நீண்ட ஆயுளை முன்னைவிட அதிகமாக இப்போது வேண்டிக்கொள்ளும்,
அக்கா மகள்.

பின்குறிப்பு: வேன் வியாழக்கிழமை வரவில்லை, வெள்ளிக்கிழமைதான் வந்தது. அதற்குள், வேலைக்கு வரமாட்டேன் என்று எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கே ஒரு நூல் மில்லைப் பற்றிப் படம் எடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சீட்டை நீட்டுவதற்குள், "இந்தப் பொண்ணு சொன்னா அழுகறவங்ககூடத் திரும்புவாங்க" என்று ஸ்டுடியோக்காரர் என்னைக் காட்டி எல்லோரிடமும் சொல்லி, முதல் கேமராவை என் பொறுப்பில் விட்டுவிட்டார். ரெண்டாவது இல்லை மாமா, முதல். வேலை மாதக் கடைசி வரைக்கும். எனவே மேலே எழுதிய முடிவைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். தனியாகப் படம் எடுக்கிற ஒரு ஆளுக்குச் சின்ன கேமராவே போதும், பெரியது என்னிடம் இருக்கிறது. காலேஜில் படித்தவரைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், அவர் மேல் எனக்கு இப்போது ஒரு கோபமும் இல்லை. சனிக்கிழமை வர வேண்டாம். இந்த மாசம் முடியற வரைக்கும், தயவுசெய்து, உயிரோடு வந்துடாதீங்க மாமா.