முன்விறாந்தைக் கந்தோரின் முதல் கைதி

கல்முனைக்குடி,
6.7.1979, வெள்ளிக்கிழமை.

பதுளையில் பொலிஸ் உத்தியோகம் பார்க்கும் மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகள் றம்ஸியா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு உம்மா, வாப்பா, நான், ஆறு கோழிகள் எல்லாரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். பதுளைக் குளிரில் உங்கள் நெஞ்சுச் சளி இறங்கியிருக்கும் என்று நம்புகிறோம்.

மாமா, நான் முதலில் கண்டது ஆணிகளைத்தான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பகல், எங்கள் பின்வளவு ஸுலைஹா ராத்தாவின் குசினிக் கூரையிலிருந்து பத்துத் தகரம் களவு போய்விட்டது என்று தெருவே கூடி நின்றது. போன வருசப் புயல் நிவாரணத்தில் ராத்தாவின் பெயருக்குக் கிடைத்த புதுத் தகரம். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் உம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றதால் கீழேதான் பார்க்க முடிந்தது. அடுப்படியில் ஒரு சிரட்டைக்குள் கழற்றிய ஆணி முழுவதும் கிடந்தது. வளைந்ததையெல்லாம் தட்டி நிமிர்த்தி வைத்திருந்தது. தவழ்கிற பிள்ளை இருக்கிற வீடு என்று பார்த்து ஆணி பொறுக்கி வைத்துவிட்டுப் போன கள்ளனை நினைக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உம்மாவிடம் சொன்னேன். கள்ளனுக்கு நற்சான்று குடுக்க நீ ஆர் என்று உம்மா கேட்டா. அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் களவினால்தான் வாப்பா கள்ளர் பிடிக்க ஒரு கந்தோர் தொடங்கினார். வட்டைவிதானையாக இருபது வருசம் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டவருக்கு வீட்டில் சும்மா இருக்கப் பொறுக்கவில்லை. ஒரு மாதம் நடத்திக் காட்டுங்கள், பிறகு வந்து கொப்பியைப் பார்க்கிறேன் என்று எங்கள் பொலிஸ் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னாராம். உடனே எங்கள் முன்விறாந்தைக்கு மேசை, குந்துகிற வாங்கு, பலகை எல்லாம் வந்துவிட்டன. 'தொண்டர் பொலிஸ் கந்தோர்' என்று பலகையில் எழுதியதும், முறைப்பாட்டுக் கொப்பிக்கு உறை போட்டதும், ஆருக்கு எப்போது முறை என்று அட்டவணை எழுதியதும் நான்தான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போகாமல் என்னை மறித்தாலும் என் கையெழுத்தை ஒருவரும் மறிக்கவில்லை. எழுதிய தாளை உள்வாசல் திரைக்கு வெளியே நீட்டுவேன், அந்தப் பக்கம் ஒரு கை வாங்கும், அவ்வளவுதான். தையல்கார மீராசா காக்கா ஒன்பது தொண்டர்களுக்கும் மிச்சமிருந்த யன்னல் சீலையில் கைப்பட்டி தைத்தார். அதில் ரோசாப்பூ இருக்கிறது. ஒன்பது பேரும் பின்னேர முறையே வேண்டும் என்றார்கள், அந்நேரம்தான் உம்மா பிளேன்டீ ஊற்றுவா. காலையில் கந்தோரைக் கோழிகள் பார்த்துக்கொண்டன.

ஆனால் முறைப்பாடு ஒன்றும் வரவில்லை, மாமா. ஆம்பிளைகளுக்குப் பயம். புயலில் பறந்த தகரங்களில் ஆருடையது ஆருடைய கூரையில் இருக்கிறது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும், முறையிடப் போனால் முதலில் அவனவன் கூரையைத்தானே பார்ப்பார்கள். எங்கள் கோழிக்கூட்டுத் தகரத்திலேயே 'பாடசாலை' என்று பெயின்ற் எழுத்து இருந்தது. கந்தோர் திறந்த அன்று வாப்பா அதை மறுபக்கம் திருப்பி அடித்தார். பொம்பிளைகளோ, ஒன்பது ஆம்பிளைகள் குந்தியிருக்கிற விறாந்தையில் ஏறுவார்களா? அவர்கள் பின்வேலியில் ஆள் நுழைகிற கடப்பால் வந்து, நான் சட்டி கழுவுகிற இடத்தில் இருந்து, எல்லாவற்றையும் என்னிடம் கதைத்துவிட்டுப் போனார்கள். நான் வாய் திறவாதவள் என்று நம்பிக்கை. கொப்பியில் ஒரு வரி இல்லை, என்னிடம் பதினாறு முறைப்பாடு இருக்கிறது.

மாதம் முடியப் போகிறது, கொப்பி வெறுமை என்று வாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை மீராசா காக்கா ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாண்டிருப்புக் குணம் அண்ணன், சைக்கிளில் பழைய போத்தலும் தகரமும் வாங்கித் திரிகிறவர். சைக்கிளில் இரண்டு நிவாரணத் தகரம் இருந்தது. காரைதீவில் ஒரு வீட்டில் வாங்கினேன் என்றார். நிவாரணத் தகரம் எல்லாத்துக்கும் ஒரே முகம்தானே, ஆகையால் அது ஸுலைஹா ராத்தாவின் தகரம்தான் என்று எட்டுத் தொண்டர்களும் அடித்துச் சொன்னார்கள். ஒன்பதாவது தொண்டர் ராத்தாவின் புருஷன் ஜெமீல் காக்கா. அவர் மட்டும், பாவம் ஏழை, விட்டிடுவோம் விதானையார் என்றார். பறிகொடுத்தவனுக்கே இவ்வளவு நல்ல மனசா என்று வாப்பா அவரைக் கட்டிப் பிடித்துவிட்டு, ஆனால் சட்டத்துக்கு மனசு கிடையாது என்று முடித்துவிட்டார்.

விலங்கு இல்லாதபடியால் வாப்பா சைக்கிளைச் சங்கிலியால் முற்றத்துத் தென்னையில் பூட்டினார். ஆளைப் பூட்டவில்லை. சைக்கிள் இல்லாமல் அவர் எங்கே போவார்? பின்னேரமானால் பாண்டிருப்புக்கு நடந்து போகிறார், காலை எட்டு மணிக்குத் திரும்பி வந்து கைதியாக இருக்கிறார். தொண்டர்களில் ஒருவரும் அவ்வளவு நேரத்தோடு வந்ததில்லை. ஆடிக்கொண்டிருந்த வாங்குக்கு ஆப்பும் வைத்துத் தந்தார். இன்று வெள்ளிக்கிழமை, அவருக்கு மீன் மச்சம் ஆகாது என்று உம்மா புதுச் சட்டியில் பூசணிக்காய் ஆக்கினா. நான் சோற்றுக் கோப்பையைத் திரைக்கு வெளியே நீட்டினேன். ஒருவரும் வாங்கவில்லை. "தங்கச்சி, நாளைக்கு ஸ்டேஷனுக்குக் கொண்டு போனா அடிப்பாங்களா?" என்று அந்தப் பக்கம் குணம் அண்ணன் குரல் கேட்டது. கோப்பையை வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன், மாமா. நாளை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் ஐயா வருகிறார், அவரிடம் வாப்பா ஆளை ஒப்படைக்கப் போகிறார்.

எனக்கு உண்மை தெரியும். புதன்கிழமை ஸுலைஹா ராத்தா பின்வேலியால் வந்து, ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டுத்தான் சொன்னா. (உங்களுக்கு எழுதுவதும் சொல்வதில் சேருமா என்று தெரியவில்லை. நாக்கை நான் அசைக்கவில்லை.) தகரத்தைக் கழற்றியது ஜெமீல் காக்காதானாம். பாலமுனையில் அவருடைய தங்கச்சிக்கு நோன்புக்கு முன் கலியாணம். உம்மா வாப்பா இல்லாத பிள்ளை, வீடு கொடுத்துக் கரைசேர்க்க இவர் ஒருவர்தான். அந்த வீட்டுக் கூரையைப் புயல் கொண்டுபோய்விட்டது. கூரையில்லாத வீட்டுக்கு எங்கள் பக்கத்து மாப்பிள்ளை வந்து குடியேறுவாரா, வழக்கம் உங்களுக்குத் தெரியாததா. "தங்கச்சிட தலைக்கு மேல போட என்ட தலைக்கு மேல இரிந்ததக் கழட்டிட்டார் புள்ள. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பன்," என்று ராத்தா அழுதா. காக்காவுக்குக் கேட்க வெட்கம், அதனால் களவு என்றார், தெரு கூடிவிட்டது, கந்தோர் வந்துவிட்டது, இப்போது ரோசாப்பூக் கைப்பட்டியும் கட்டிக்கொண்டு நிற்கிறார். சொன்னால் அந்தப் பிள்ளையின் கலியாணம் குழம்பும், காக்கா தெருவில் நடக்க ஏலாது. சொல்லாவிட்டால் குணம் அண்ணனை ஜீப்பில் ஏற்றுவார்கள்.

நீங்கள் சட்டம் தெரிந்தவர். பின்வேலியில் கேட்ட முறைப்பாட்டை முன்விறாந்தைக் கொப்பியில் ஏற்றத்தான் வேண்டுமா? சத்தியம் பண்ணினவள் என்ன செய்ய வேண்டும்? தபால் போய் வர ஒரு கிழமை செல்லும் என்று தெரியும். என்றாலும் உங்கள் பதில் வரும்வரை வாய் திறப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். நான் முன்னுக்குப் போகிற பிள்ளை இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். உங்கள் தொப்பிக்கும் அதற்குக் கீழே உள்ள தலைக்கும் ஒரு கெடுதியும் வராமல் அல்லாஹ் பார்த்துக்கொள்வானாக.

உங்கள் மருமகள்,
ப. றம்ஸியா

பி.கு.: சனிக்கிழமை. மாமா, இதற்குப் பதில் எழுத வேண்டாம். காலையில் கடித உறையை ஒட்டப் போகும்போது குணம் அண்ணன் வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று வெள்ளைச் சட்டை தோய்த்துப் போட்டிருந்தார். நான் பின்வேலிக் கடப்பால் போனேன்; உம்மா இல்லாமல் அதால் போனது இதுதான் முதல் தடவை. ராத்தாவிடம், நான் சத்தியத்தை முறிக்கமாட்டேன், நீங்கள்தான் சொல்லவேணும், எப்படிச் சொன்னாலும் சரி, அந்த மனிசன் சட்டை தோய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்றேன். ராத்தா அடுப்பை அணைத்தா. பிறகு பிள்ளையைத் தூக்கி, முக்காட்டை இழுத்துவிட்டு, தெருவால் சுற்றி வந்து முன்விறாந்தையில் ஏறினா. நான் பின்னால் ஏறினேன். ஒன்பது பேரும் இருந்தார்கள்.

"விதானையார், என்ட தகரம் களவு போகல்ல. என்ட மதினிட கலியாணத்துக்கு நான்தான் குடுத்த. சொல்ல மறந்திட்டன்," என்றா.

ஜெமீல் காக்கா தலை நிமிரவில்லை. வாப்பா மணியைப் பார்த்தார், வெறும் கொப்பியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். ஆளைப் போகச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பூட்டின் சாவி மேசையில் கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி, சங்கிலியைக் கழற்றி, போத்தல்கள் கிலுங்கக் கிலுங்க சைக்கிளைத் தள்ளிக்கொண்டுபோய்த் தெருக் கடப்படியில் நிறுத்தினேன்.