மன்னித்தோம், நான்கு குரல்களில்

சபை எனக்குத் தரவேண்டியிருந்த ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்தான், இவ்வுலகில் ஆராதனைச் சங்கீதம் எட்டிய உயரத்துக்கெல்லாம் அஸ்திவாரம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அஸ்திவாரம் போட்டவனே நான்தான்.

பாடகர் குழு நிற்பதற்கு மூன்று படி மேடை கட்டிக் கொடுத்தேன். சிமெண்டுக்கும் மணலுக்கும் முதலில் கைக்காசைப் போடச் சொன்னார்கள். கையில் காசு இல்லை, வீட்டில் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. அதைக் கொண்டுபோய் அடகு வைத்தேன். அடகுக்கடைக்காரர் வேறு யாருமில்லை, சபையின் பொருளாளர். தரவேண்டியவரும் அவரே, வாங்கவேண்டியவரும் அவரே. இதைவிடப் பரிசுத்தமான ஏற்பாடு எந்த வங்கியிலும் கிடையாது. மாதக் கடைசிக்குள் மீட்காவிட்டால் மெஷின் மூழ்கிவிடும், கடைக்கே சொந்தமாகிவிடும் என்று சீட்டில் எழுதியிருந்தது. நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவன் நான். எழுத்தெழுத்தாகக் கூட்டி முதலில் படித்து முடித்ததே அந்தச் சீட்டைத்தான்.

மேடை பிரதிஷ்டை ஆனால் பணம் என்றார்கள். பாட்டு இல்லாமல் பிரதிஷ்டை இல்லை. பாட்டைத் தேர்ந்தெடுக்க "ஆராதனைப் பாடல் தெரிவுக் குழு" கூடவேண்டும். கூடியது. ஏழு முறை கூடியது. ஏழு முறையும் பணம் கேட்கப் போய்க் கதவோரத்தில் உட்கார்ந்திருந்ததால், அந்த மாமனிதர்களின் உழைப்பை அருகிருந்து காணும் பேறு பெற்றேன்.

முதல் பாட்டு மெதுவானது. தூங்குகிறவர்கள் ஏற்கனவே பிரசங்கத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று செயலர் அதைத் தள்ளினார். அடுத்தது வேகமானது. மேடை தாங்குமா என்று என்னைக் கேட்டார்கள். மேடை தாங்கும், கட்டினவன்தான் தாங்கமாட்டேன் என்றேன். அதைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை. மூன்றாவது பாட்டில் "கூலி" என்றொரு சொல் இருந்தது. பொருளாளர் முகம் சுளித்தார். பாடகர் குழுத் தலைவர் சங்கீத ரீதியாக அவருக்குக் கைகொடுத்தார். உச்சத்தில் "லி" வந்தால் பாடுகிறவர் வாய் இளித்தபடி நிற்குமாம். வேலை செய்துவிட்டு அந்தச் சொல்லைக் கேட்கிறவன் வாயும் அப்படித்தான் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சங்கீதம் தெரிந்தவர் சொன்னால் மறுக்கலாமா?

கடைசியில் பொருளாளரின் மச்சான் இயற்றிய பாட்டு வந்தது. நான்கு குரல், மூன்று சரணம். ஒவ்வொரு சரணமும் "கடன்காரனை மன்னித்தோம்" என்று முடியும். கடன்காரன் என்றால் கொடுத்தவனா, வாங்கினவனா என்று ஒரு மணி நேரம் விவாதம். ஊரில் இரண்டு பேரையும் அப்படித்தானே திட்டுகிறோம்.

செயலர் என் பக்கம் திரும்பினார். "ஏம்பா கொத்தனாரே, நீ கடன்காரனா?"

"யாருக்குங்கய்யா? சபைக்கா, பொருளாளர் ஐயாவுக்கா?"

இரண்டுக்கும் பொருந்தும் சொல் கிடைப்பது அரிது என்று ஒருமனதாகப் பாட்டை ஏற்றார்கள்.

அடிக்குரலுக்குத்தான் ஆள் இல்லை. சாரத்தின் மேலிருந்து நான் கலவை கேட்டுக் கத்தியதைத் தலைவர் கேட்டிருக்கிறார். என்னையே நிறுத்திவிட்டார். பாட்டுத்தாளை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றேன். ஒவ்வோர் எழுத்தையும் இழுத்துப் பாடுவதற்குப் பக்தி என்று பெயர் என்றார்.

பிரதிஷ்டை நாளில் முந்நூறு பேர் முன்னால் பாடினோம். பக்கத்தில், ஆண்களின் மேல்குரலான டெனர் வரிசையில் பொருளாளர். அவர் வாயைத் திறந்த திறப்பில் கடைவாய்ப் பல்லின் வெள்ளி அடைப்பு பளபளத்தது. அவர் குரல் எவ்வளவு மென்மை என்றால், ஒரு முழம் தள்ளி நின்ற என் காதுக்கே எட்டவில்லை. முடிந்ததும் சபையார் வந்து கைகுலுக்கினார்கள். அத்தனை பேரும் ஒரே குரலாகப் பாடியதாக மெச்சினார்கள்.

மறுநாள் மாதக் கடைசி. பணத்துக்குப் போனேன். தெரிவுக் குழுவோடு பாடகர் குழுவும் முழுவதுமாகக் கூடியிருந்தது. செயலர் குறிப்பேட்டைப் புரட்டி, எழுந்து நின்றே வாசித்தார்: "கொத்தனார் தமக்கு வரவேண்டிய கடனை, மூன்று சரணங்களிலும், சுருதி பிசகாமல், சபையார் முன்னிலையில் மன்னித்தார். கணக்கு நேர்."

"பாட்டுங்கய்யா அது" என்றேன்.

பொருளாளர் வருத்தப்பட்டார். "கோயில்ல நின்னு சொன்ன வார்த்தைப்பா. பாட்டுதானேன்னு தட்டிக்கழிச்சா அப்புறம் ஆராதனைக்கு என்ன அர்த்தம்?"

நான் கற்ற எழுத்தெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு உதவியது. பாட்டுத்தாளைப் பையிலிருந்து எடுத்து விரித்தேன்.

"இதுல மன்னித்தேன்னு இல்லீங்களே. மன்னித்தோம்னுதான் இருக்கு. நீங்களும் என் பக்கத்துல நின்னுதானே பாடுனீங்க? உங்களுக்கும் நான் கடன்காரன்தானே? அப்போ மெஷினைக் குடுத்துடுங்க."

பொருளாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"நான் எங்கப்பா பாடினேன்? வாயைத்தான் அசைச்சேன்."

செயலர் நேர்மையானவர், இதைப் பதிவு செய்யாமல் விடமுடியாது என்றார். மற்றவர்களிடமும் விசாரித்தார். எங்கே தங்களிடம் கடன் வாங்கியவர்களும் மன்னிப்பைக் கேட்டு வந்துவிடுவார்களோ என்ற கலக்கம் வரிசை வரிசையாகப் பரவியது. உச்சக்குரல் சோப்ரானோ பெண்கள் வாயை அசைத்ததோடு சரி. கீழ்க்குரல் ஆல்டோ பெண்களும் அப்படியே. செயலர் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டு, தாமும் அசைத்ததாக எழுதினார். தலைவர் கையை மட்டும் அசைத்தாராம். கீழே எல்லோரும் கையெழுத்திட்டார்கள். என் ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது அத்துடன் தள்ளுபடி. அன்று மாலையே மெஷின் மூழ்கியது. ஞானஸ்நானம் பெற்றவர் பொருளாளர்.

வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். மெஷின் இருந்த மூலையை மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ அத்தனை பேர்ல நிஜமா மன்னிச்சது நீங்க ஒருத்தர்தானா?"

ஆமாம் என்றேன். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, அவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.